சுவர் எழுந்த கோவிலும் குளம் வெட்டிய கோவிலும்

புதுச்சேரி மிஷன் வீதியில் நிற்கும் பேராலயத்தை அதன் அலுவல் பெயரான அமலோற்பவ அன்னை ஆலயம் என்று ஊரில் அழைப்பவர் குறைவு. மக்களுக்கு அது சம்பா கோவில். இயேசு சபையார் அங்கே முதல் கோவிலைக் கட்டியது 1692இல். நகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தள்ளி வில்லியனூரில் லூர்து மாதா கோவில் இருக்கிறது. அது எழுந்தது 1876-77இல். முதல் கோவிலுக்கு ஏறத்தாழ 185 ஆண்டு இளையது. வயதைக் கொண்டும் பதவியைக் கொண்டும் பார்த்தால் யாத்திரைத் தலமாகியிருக்க வேண்டியது சம்பா கோவில்தான். நடந்ததோ வேறு. நேர்ந்துகொண்டவர்கள் நடந்து போவது வில்லியனூருக்கு. கொடியேற்றத்துக்கும் தேருக்கும் வெளியூர்களிலிருந்து கூட்டம் திரள்வதும் அங்கேதான். சம்பா கோவிலுக்குப் பங்கு மக்களும், அண்மைக் காலமாகச் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். மூத்த கோவிலுக்கு இல்லாத யாத்திரை இளைய கோவிலுக்கு எப்படி வாய்த்தது என்ற கேள்விக்கு, ‘அது மாதாவின் விருப்பம்’ என்று பக்தர்கள் சொல்வார்கள். அந்த விடையை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. விசுவாசம் எந்த இடத்தில் காலூன்றுகிறது என்பதற்கு வரலாற்றுக் காரணங்களும் உண்டு. அவற்றில் ஒன்று போதிய அளவு பேசப்படவில்லை என்பதே என் எண்ணம். மனிதரை அவரவர் தெருவின் பெயரால் அறிந்து, அதற்கேற்ப இடம் ஒதுக்கிய கோவில் யாத்திரைத் தலமாக முடியாது. தெருவை விட்டு வெளியே வந்து நிற்க இடம் கொடுத்த கோவிலே தலமாயிற்று.

முதலில் பழைமையைப் பற்றிய மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1692இல் கட்டிய கோவில் அடுத்த ஆண்டே டச்சுக்காரர் புதுச்சேரியைப் பிடித்தபோது அழிந்தது. பிரெஞ்சுக்காரர் 1699இல் ஊரைத் திரும்பப் பெற்ற பின் இரண்டாவது கோவில் எழுந்து, அதுவும் நிலைக்காமல், 1728க்கும் 1736க்கும் இடையில் மூன்றாவதாகப் பெரிய கோவில் ஒன்று கட்டப்பட்டது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் நகரத்தைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது அதுவும் இடிந்தது. இன்று நாம் காணும் கட்டடம் 1791இல் அர்ச்சிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இயேசு சபையே திருத்தந்தையின் ஆணையால் கலைக்கப்பட்டு, பாரிஸ் வேத போதக சபையிடம் இந்தப் பணித்தளம் 1776இல் கைமாறியது. கல்லும் மாறிற்று, ஆண்ட சபையும் மாறிற்று. மாறாமல் நின்றது பெயர் ஒன்றுதான். கோவாவில் இருந்த புனித பவுல் கல்லூரியை வைத்து இயேசு சபையாரைப் ‘பவுலிஸ்தர்’ என்று அழைக்கும் வழக்கம் போர்த்துகீசியரிடம் இருந்தது. அந்தப் பவுலின் பெயர்தான் தமிழ் நாவில் தேய்ந்து ‘சம்பா’ ஆயிற்று. கப்புச்சின் சபையாரின் கோவில் ‘கப்ஸ் கோவில்’ ஆனதும் இப்படித்தான். கோவிலின் உண்மையான ஆவணக் காப்பகம் மக்களின் வாய்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால், இவ்வளவு நீண்ட நினைவை ஒரு கோவிலைப் பற்றிக் காத்துவந்த அதே மக்கள், அதற்கு நேர்ச்சை வைத்து நடந்து போகவில்லை. நினைவு வேறு, வேண்டுதல் வேறு.

இதற்கான காரணத்தை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் தேடலாம். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவைத்தவற்றில் சம்பா கோவில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் வைணவர், பின்னாளில் கவர்னர் டூப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர், தரகர்) ஆனவர், கோவிலுக்கு வெளியே நின்று பார்த்தவர். சாமியார்களோடு அவருக்குப் பிணக்கு உண்டு என்பதையும் மறக்கலாகாது. ஆனாலும், கோவிலுக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் அவர் காட்டும் கவனம், அந்தக் காலத்துச் சமூக வரலாற்றுக்குக் கிடைத்த பெரிய கொடை. 1745 அக்டோபரில் அவர் பதிவு செய்யும் செய்தி இது: சம்பா கோவிலுக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு இதைப் பார்த்து ஊரின் தலித் கிறிஸ்தவர்களிடம் பேசினார். அவர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தடுப்பு என்ற பொருள்படக் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பி, விவகாரம் கவர்னர் வரை போயிற்று.

இந்த நிகழ்ச்சியைத் தனித்த ஒரு சண்டையாகப் பார்த்தால் அதன் ஆழம் புரியாது. நாற்பது ஆண்டுக்கு முன், 1704இல், திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன், புதுச்சேரியில் இருந்தபடியேதான் தமிழ்க் கிறிஸ்தவ வழக்கங்களைப் பற்றிய தம் கட்டளையை வெளியிட்டார். கல்யாணச் சடங்கு முதல் திருநீறு வரை பலவற்றைத் தடை செய்த அந்தக் கட்டளை, நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள் குருக்கள் நேரில் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. இயேசு சபையார் பல ஆண்டுகள் மேல்முறையீடு செய்து பார்த்தார்கள். பதினான்காம் பெனடிக்ட் 1744இல் கட்டளையை உறுதிப்படுத்தினார். தலித் மக்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஒரு சலுகையோடு. சாதியை ஒழிக்க முடியாவிட்டால் குருக்களைப் பிரித்துக்கொள்ளலாம் என்ற அந்தச் சமரசம் ரோமாபுரி வரை போய் முத்திரை பெற்றது என்பது நம் திருச்சபை வரலாற்றில் வேதனையான பக்கம். சுவர் இடிந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டையும் இணைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதே 1745 நவம்பரில் இன்னொரு பதிவு. கிறிஸ்தவரான தலைமைத் துபாஷி கனகராய முதலியார் உழவர்கரையில், இன்றைய ரெட்டியார்பாளையத்தில், புனித அந்திரேயா கோவிலைக் கட்டி, எல்லாச் சாதியாரையும் அழைத்துப் பெருவிருந்து வைத்தார். அவரவர் ஆசாரப்படி அவரவருக்குத் தனித்தனி ஏற்பாடு. அந்த விருந்தின் சிறப்பை வியந்து எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, கிறிஸ்தவ விழாவில் இப்படி இந்து ஆசாரத்தைப் பிடித்துக்கொண்டது பொருத்தமில்லை என்றும் குறை சொல்கிறார். கோவில் என்பது ஊரின் படிநிலையை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அடுக்கிக் காட்டும் மேடையாக இருந்தது என்பதை அவர் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். சம்பா கோவிலோ இன்னும் ஒருபடி மேலே, ஆட்சியின் மேடையாகவும் இருந்தது. 1716இல் இந்துவான துபாஷி நைனியப்ப பிள்ளை சிறையில் தள்ளப்பட்டதன் பின்னணியில் இயேசு சபையாரின் கை இருந்ததை ஆவணங்கள் காட்டுகின்றன. அவர் மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். அந்தப் பதவிக்கு வந்தவர்தான் கனகராய முதலியார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட நேரத்தில், சம்பா கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. அந்த நாளின் துயரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியிருப்பதைப் படிக்கும் எந்தக் கிறிஸ்தவரும் தலைகுனியாமல் இருக்க முடியாது. இத்தனையும் நடந்த மண்ணில், இன்னொரு ஊர்க்காரர் பசியோடும் நோயோடும் வந்து ‘தாயே’ என்று விழுவதற்கான மனநிலை எப்படிக் கனியும்?

இங்கே ஒரு மறுப்பு வரும். பேராலயம் என்பது ஆயரின் இருக்கை. அதற்கும் யாத்திரைக்கும் இயல்பாகவே தொடர்பில்லை. சம்பா கோவிலில் புனிதரின் கல்லறையும் இல்லை, காட்சி கொடுத்த வரலாறும் இல்லை. அதனால்தான் அது தலமாகவில்லை, சாதிச் சுவரை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. சென்னை சாந்தோம் பேராலயம் தோமையாரின் கல்லறையால் தலமாயிற்று. 1693இல் அருளானந்தர் வெட்டுண்ட ஓரியூர், அந்தச் செம்மண்ணாலேயே தலமாயிற்று. ஆனால் வில்லியனூரைப் பாருங்கள். அங்கே யாரும் காட்சி காணவில்லை. எந்த மறைசாட்சியும் அங்கே இறக்கவில்லை. கடல்கடந்து வந்த ஒரு சுரூபம். அதற்கு ஒரு கோவில். தொடக்கத்தில் அங்கே இருந்தது அவ்வளவே. சுரூபப் பெட்டி தவறி விழுந்தும் சுரூபம் சேதமாகவில்லை என்று தலத்தில் ஒரு மரபு உண்டு. அப்படிப்பட்ட செய்திகள் மக்கள் வரத் தொடங்கிய பின் பெருகுபவை. புதுமைகள் கூட்டத்தைக் கொண்டுவருவது உண்டு; கூட்டமும் புதுமைகளைக் கொண்டுவரும். கல்லறையோ காட்சியோ இல்லாத ஓர் இடம் தலமாக முடிந்திருக்கிறது என்றால், அவை இல்லாததே சம்பா கோவிலின் குறை என்ற வாதம் நிற்காது.

வில்லியனூரில் என்ன இருந்தது? முதலில், தூரம். நகரத்துக்கு வெளியே, ஆனால் நடந்து சேரக்கூடிய தொலைவு. யாத்திரைத் தலங்கள் பெரும்பாலும் அதிகார மையத்துக்கு அப்பால், விளிம்பில் அமைகின்றன என்று மானிடவியலாளர்கள் விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978இல் வெளியிட்ட நூலில் காட்டினார்கள். புதுச்சேரியில் இது அப்படியே பொருந்துகிறது. 1690இல் தோன்றியதாகச் சொல்லப்படும் அரியாங்குப்பம் ஆரோக்கிய மாதா கோவிலும் நகரத்துக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டித்தான் இருக்கிறது. பழைமையும் யாத்திரையும் அங்கே சேர்ந்திருப்பதைச் சிலர் என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடும். பழைய கோவில் தலமாக முடியாது என்று நான் சொல்லவில்லை. பழைமை போதாது என்கிறேன். அரியாங்குப்பத்தைத் தலமாக்கியது அதன் ஆண்டுக் கணக்கைவிட, செப்டம்பர் 8ஐ ஒட்டி வேளாங்கண்ணியோடு சேர்ந்து துடிக்கும் அந்தத் திருவிழா.

இரண்டாவது, காலம். வில்லியனூர்க் கோவில் எழுந்தது, 1876-78இல் சென்னை மாகாணத்தையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தின் காலத்தில். மழை பொய்த்தது, கிராமங்கள் காலியாயின. இன்னொரு பக்கம், ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் ஏற்றிச்சென்ற காலமும் அதுவே. புதுச்சேரி அதற்கொரு துறைமுகம். ஊரையும் உறவையும் இழந்தவர்கள் சாலைகளில் திரிந்த அந்த ஆண்டுகளில், ஊற்றுநீரால் அறியப்பட்ட ஒரு மாதா இங்கே வந்து சேர்ந்தாள். இதில் காரண காரியத்தை நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் தண்ணீருக்காக வானத்தைப் பார்த்திருந்த மக்களுக்கு லூர்துத் தண்ணீர் என்ற சொல் என்னவாக ஒலித்திருக்கும் என்பதை ஊகிக்க ஆவணம் தேவையில்லை. 1879இல் புதுச்சேரி - விழுப்புரம் ரயில் பாதை திறந்து, வில்லியனூர் அதில் ஒரு நிலையமாயிற்று. பிரான்சின் லூர்துக்கும் 1866இல் ரயில் வந்த பிறகுதான் கூட்டம் பெருகியது. பிரெஞ்சு எல்லையைக் கடந்து ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காட்டிலிருந்தும் அப்பாலிருந்தும் மக்கள் வந்திறங்க இருப்புப்பாதை வழி செய்தது.

மூன்றாவதாகக் குளம். 1920களில் கோவிலின் முன்னே திருக்குளம் ஒன்று வெட்டி, நடுவில் மாதாவின் சுரூபத்தை நிறுத்தினார்கள். லூர்திலிருந்து கொண்டுவரும் நீரை அதில் கலக்கிறார்கள். கோவிலுக்கு முன் குளம் தமிழருக்குப் புதிதல்ல. கிறிஸ்தவக் கோவிலுக்கு முன் அது அபூர்வம். இந்தக் குளத்தை அதன் காலத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். 1924இல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை போனார். 1927இல் மகாடில் பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளுவதற்காக அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்தார். தண்ணீரும் வழியும் இந்தியாவில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கொதித்துக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில்தான் இந்தக் குளம் வெட்டப்பட்டது. கட்டியவர்கள் அதைச் சமத்துவத்துக்கான அறிவிப்பாக நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுவரால் இருக்கையைப் பிரிக்கலாம். வெளியூரிலிருந்து வந்த முகமறியாத கூட்டம் இறங்கும் குளத்துத் தண்ணீரைப் பிரிப்பது எளிதல்ல. காலை நனைப்பவரின் தெரு எது என்று அந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்?

இது பிரெஞ்சு ஆட்சி இறக்குமதி செய்த பக்திதானே என்று கேட்பவர்களும் உண்டு. பெயர் பிரெஞ்சு, சுரூபம் பிரெஞ்சு, கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சு மிஷனரிகள், உண்மை. ஆனால் 1858இல் லூர்தில் காட்சி கண்ட பெர்னதெத் யார்? நொடித்துப்போன ஆலைக்காரரின் மகள், எழுதப் படிக்கத் தெரியாத பதினான்கு வயதுச் சிறுமி. அவள் கேட்ட சொற்கள் பாரிஸ் பிரெஞ்சில் இல்லை. பிரனே மலையடிவாரத்து வட்டாரப் பேச்சில் இருந்தன. பிரான்சுக்குள்ளேயே அது விளிம்பின் தலம். வில்லியனூருக்கு வந்த பிறகோ அதன் நாட்காட்டியே மாறிவிட்டது. லூர்து அன்னைக்குத் திருச்சபை உலகெங்கும் குறித்த நாள் பிப்ரவரி 11. வில்லியனூரின் பெருவிழா ஈஸ்டரைத் தொடர்ந்து வருகிறது. கொடியேற்றம், நவநாள், தேர்பவனி என்று. சம்பா நெல் அறுப்பு முடிந்து, வேலை குறைந்து, பாதை உலர்ந்து கிடக்கும் பருவம் அது. விழாவின் தேதியை உழவரின் ஆண்டு ஓட்டம் பிடித்து வைத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் இது இந்துத் திருவிழாவின் நகல்தானே, தேரும் குளமும் கொடியும் திருக்காமீசுவரர் கோவிலிலிருந்து வந்தவைதானே என்று அடுத்த கேள்வி எழும். அதே ஊரில்தான் திருக்காமீசுவரர் கோவில் இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிய வழக்கம் இன்றும் அங்கே தொடர்கிறது. எனினும் நகல் என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. தேர் என்பது ஒரு சமயத்தின் தனிச்சொத்தாக இருந்தால்தான் மற்றதை நகல் எனலாம். தமிழர் தங்களுக்கு மேலான ஒன்றைத் தெருவில் வரவேற்கும் முறை அது; ஒரே மொழியில் இரண்டு பாட்டு எழுதினால் ஒன்று மற்றதன் நகலாகாது. தவிர, 1704இன் தடைகள் எந்த வழக்கங்களைக் களைய நினைத்தனவோ அவற்றை ஒத்தவை பின்னாளில் தலங்களில் தாமே முளைத்திருக்கின்றன. கட்டளை போட்டவர் புதுச்சேரியில் சில மாதம் தங்கிவிட்டுச் சீனாவுக்குப் புறப்பட்டார். மக்கள் இங்கேயே இருந்தார்கள்.

கடினமான மறுப்பு கடைசியில்தான் வருகிறது. தலத்தில் சாதி கரைகிறது என்பது கற்பனை என்பார்கள். யாத்திரையில் வேற்றுமைகள் கரைகின்றன என்ற டர்னர் இணையரின் கருத்தை 1991இல் ஈடும் சால்னோவும் தொகுத்த நூல் இதே இடத்தில்தான் மறுத்தது: யாத்திரைத் தலம் வேற்றுமைகள் மோதும் களம், அவை மறையும் இடமல்ல என்று. நம் பக்கத்தில் சான்றுகள் கொட்டிக் கிடக்கின்றன. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலே சாதிக்கொரு கை என இரண்டு கிளையாகக் கட்டப்பட்டது. தடுப்பை 1910இல் குருக்கள் நீக்கியபோது சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குத் தொடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கும் சம உரிமையும் கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். சவ ஊர்வலம் போகும் வழியும் தேர் போகும் தெருவும்தான் அங்கே நெடுங்காலப் பிரச்சினை. 1745இன் சுவர் எங்கும் போய்விடவில்லை.

இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை வீழ்த்துவதாகத் தெரியவில்லை, கூர்மையாக்குகிறது. எறையூரிலும் வடக்கன்குளத்திலும் சண்டை நடந்தது ஊர்க் கோவிலில். ஊர்க் கோவிலில் ஒவ்வொருவரின் வீடும் தெருவும் எல்லோருக்கும் தெரியும். அங்கே தேர் ஓடுவது யாரோ ஒருவருடைய தெருவில். அதனால் ஓடாமல் விடப்படும் தெருவும் இருக்கிறது. தலத்துக்கு வருபவர் தெருவைப் பின்னே விட்டுவிட்டு வருகிறார். அவருடைய மனத்திலிருந்து சாதி போய்விடுகிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்தவர் கண்ணில் அது தெரியாமல் போகிறது என்பது மட்டும் உறுதி. ஆண்டு முழுதும் தெருவின் பெயரைச் சுமந்தவருக்கு அந்தச் சில நாள் தெரியாமை எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, அதைச் சுமக்காதவர்கள் எளிதில் மதிப்பிட முடியாது. வில்லியனூரில் வாழ்பவர்களுக்கு அதுவும் ஊர்க் கோவில்தான். அங்கே பங்கு வாழ்க்கையில் இருக்கும் பூசல்களிலிருந்து அதற்கு விலக்கு ஏதும் இல்லை. வெளியூரார் கூடும் அந்த நாட்களில் மட்டுமே அது வேறொன்றாகிறது.

இப்படிப் பார்த்தால் பழைமை வாய்ந்த யாத்திரைக் கோவில் என்ற தொடரில் எதைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் மாறுகிறது. புதுச்சேரியின் மரபுச் சின்னங்களைக் காப்பவர்களின் உழைப்பு பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய பகுதியின் கட்டடங்களுக்குப் போகிறது; அவை அழகானவை, காக்கப்பட வேண்டியவை. ஆனால் கட்டடம் இங்கே பலமுறை இடிந்து எழுந்திருக்கிறது. இடியாமல் வந்தவை பாதையும் பெயரும் வழக்கமும். ஒரு திருக்குளத்தின் நீர்வரத்து அடைபடாமல் இருப்பதும், விழுப்புரம் சாலையில் வெறுங்காலோடு நடப்பவருக்கு ஓர் ஓரமும் நிழலும் இருப்பதும் மரபுப் பாதுகாப்பின் கணக்கில் வர வேண்டும். நகரத்திலிருந்து வில்லியனூருக்கு நேர்ந்துகொண்டு நடப்பவர்கள் இன்றும் ரெட்டியார்பாளையம் வழியாகத்தான் போகிறார்கள். கனகராய முதலியார் சாதிவாரியாகப் பந்தி வைத்த அந்த ஊர் வழியாக. அங்கே நிற்காமல், அல்லது ஒரு வாய் தண்ணீருக்கு மட்டும் நின்று, மேற்கே நடக்கிறார்கள்.